அலாரம் அடிக்காத ஒன்பது நாட்கள்

நடந்தவை, வரிசையாக:

1. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவில் என் நைனா வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. மூன்று வருடமாக டிமென்ஷியா.

2. கதவில் நான் பொருத்தியிருந்த அலாரம் அடிக்கவில்லை.

3. அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அலாரம் அடிக்காததால் நைனா உள்ளே இருப்பதாக நினைத்தார்.

4. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குத் தெற்கே, தண்டவாளத்தை ஒட்டிய வயலில் நைனா விழுந்து கிடப்பதை நாற்று நடுகிறவர்கள் பார்த்தார்கள். கையில் சாப்பாட்டுப் பை இருந்தது. அதற்குள் மூடி போட்ட காலி டப்பா.

5. வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. பதினெட்டு நாள் மருத்துவமனை. அதில் நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு.

6. அலாரம் ஏன் அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது ஏழாவது நாள்.

இதே நோய் உள்ளவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற சிலர், நான் செய்த கருவியின் வரைபடத்தைக் கேட்கிறார்கள். வரைபடத்தை மட்டும் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கருவிப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். டிப்ளமோ படித்தவள். நைனா அதே தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு உருட்டாலையில் இருபத்தாறு வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தார். காய்ச்சிய இரும்பை உருளைகளுக்கு நடுவில் விட்டுக் கம்பியாக இழுக்கும் ஆலை. ஐம்பத்தாறு வயதில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவர், குளித்துவிட்டு மறுபடியும் ஷிப்டுக்குக் கிளம்பினார். அந்த வாரம் இப்படி மூன்று தடவை. அதன் பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

ரத்தத்தில் தைராய்டு பார்த்தார்கள், பி-12 பார்த்தார்கள். இவை குறைந்தாலும் மறதி வரும், அதைக் குணப்படுத்திவிடலாம் என்றார் டாக்டர். இரண்டும் சரியாக இருந்தன. சரியாக இருந்ததற்காக நான் வருத்தப்பட்டேன். ஸ்கேனில், புது நினைவுகளைப் பதிந்துவைக்கும் பகுதி சுருங்கியிருந்தது தெரிந்தது. டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, கடிகாரமாக எழுதச் சொன்னார். நைனா மூன்றே எண்கள் எழுதினார்: ஆறு, இரண்டு, பத்து. மூன்று ஷிப்டும் மாறும் நேரங்கள். எழுதிவிட்டுப் பேனாவை மூடி டாக்டரிடம் கொடுத்தார்.

"மீதி நம்பர்?" என்றார் டாக்டர்.

"அதெல்லாம் ஆபீஸ்காரனுக்கு சார்," என்றார் நைனா.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று டாக்டர் சொன்னதை நோட்டில் எழுதிவைத்தேன்: "நேற்று நடந்தது முதலில் போகும். பெயர்கள் பிறகு போகும். கைப்பழக்கம் கடைசியில்தான் போகும்." அந்தக் கடைசி வரியை ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நைனா தனியாக வெளியே போகத் தொடங்கியதும் கருவி செய்தேன். கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு காந்த சுவிட்ச். கதவு மூடியிருக்கும்வரை சுற்று இணைந்திருக்கும், அலாரம் பேசாமல் இருக்கும். கதவு திறந்தால் சுற்று அறுந்து அலாரம் அடிக்கும். யாராவது கம்பியைப் பிடுங்கினாலும் சுற்று அறுந்து அடிக்கும். எங்கள் வேலையில் இதைத்தான் பாதுகாப்பான முறை என்று சொல்லிக்கொடுப்பார்கள். கரண்ட் போனாலும் ஓட ஒரு பழைய பைக் பேட்டரி. அம்மா கதவைத் திறக்கும்போது அலாரத்தை நிறுத்த, சமையலறையில் ஒரு மறைவு சுவிட்ச். நைனா ஒரு நாளில் எத்தனை தடவை வெளியே போகப் பார்க்கிறார் என்று டாக்டர் கேட்டதால், அலாரம் அடிப்பதை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு சின்ன மீட்டர். அம்மா தினமும் அந்த எண்ணைக் காலண்டரில் எழுதிவைப்பார்.

எல்லாவற்றையும் ஒரு இரும்புப் பெட்டியில் அடக்கி, கம்பெனியில் செய்வதுபோலவே முடித்தேன். ஒவ்வொரு கம்பிக்கும் எண் வளையம் மாட்டினேன். கம்பிகளை ஸ்க்ரூவால் இறுக்கும் டெர்மினல்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டேன். காந்த சுவிட்ச் 1-லும் 2-லும். பெட்டிக் கதவின் உள்பக்கம் சுற்று வரைபடத்தை ஒட்டினேன். அலாரத்துக்கு எங்கள் கம்பெனி கழித்துப்போட்ட ஹூட்டர். பார்க்க அழகாக இருந்தது.

மருத்துவமனைக்கு வருகிறேன்.

சென்னைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருப்பதாகவும், பந்துபோல இருக்கும் மேல்முனையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும் என்றும் சொன்னார். மயக்க மருந்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டிமென்ஷியா இருக்கறவங்க மயக்கத்துலேர்ந்து திரும்பி வரும்போது பழைய இடத்துக்கே வருவாங்கன்னு சொல்ல முடியாது" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாள், ஆபரேஷன் தியேட்டருக்கு எதிரே உள்ள பெஞ்சில், அம்மாவும் நானும் அதிகம் பேசவில்லை. பேசினால் கதவைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் அம்மாவே ஆரம்பித்தார்.

"உன் மிஷினு கத்தலடி எஸ்தரு. கத்தியிருந்தா நான் ஓடியிருக்க மாட்டனா?"

"ஏதோ ஃபால்ட்டும்மா. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"மிஷினு இல்லாதப்போ ஒரு கண்ணு அவரு மேலயே வச்சுக்கினு இருந்தேன். அது வந்தப்பறம்தான் ரெண்டு கண்ணையும் எடுத்துட்டேன்."

குற்றம் சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. எதிரில் இருந்த தீயணைப்புக் குழாயைப் பார்த்துச் சொன்னார். நான் எங்கே தவறு செய்திருப்பேன் என்று மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்: பேட்டரி இறங்கியிருக்கலாம், காந்தம் நகர்ந்திருக்கலாம், ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். எல்லாம் கருவியின் தவறுகள்.

நான்காம் நாள் ஆபரேஷன். நன்றாக முடிந்தது என்றார்கள். ஐந்தாம் நாள் டெலிரியம் வந்தது. டெலிரியம் என்றால் திடீர்க் குழப்பம். டிமென்ஷியாபோல மெதுவாக வருவதல்ல, ஒரே நாளில் ஆளை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும். நைனா உருட்டாலைக்குப் போய்விட்டார். பக்கத்துக் கட்டிலில் டிரிப்ஸ் முடிந்தால் ஒரு கருவி கீச்சிடும். நைனாவின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் மாட்டியிருந்தார்கள். அது நழுவினால் ஒரு கருவி அலறும். எது சத்தம் போட்டாலும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இன்னா லைன் நிக்குதா? எவன்டா பேனல்ல?" என்று கத்தினார். எழுந்தால் புதிதாக வைத்த பந்து கழன்றுவிடும். இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டிலில் கட்டினார்கள்.

அம்மா கட்டைப் பார்த்துவிட்டு நர்ஸிடம், "சிஸ்டர், கட்டிப்போட்டு சோறு வைக்க அவரு இன்னா மாடா?" என்று கேட்டார்.

சாந்தா சிஸ்டர் கோபப்படவில்லை. "நீங்க பக்கத்துல உக்காந்துக்கினு கையைப் புடிச்சுக்கறதா இருந்தா அவுத்து வுடறேன். எழுந்தா என் வேலை பூடும், அவரு காலும் பூடும்."

அம்மா உட்கார்ந்தார். அன்றும் மறுநாளும் நாஷ்டாவுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சாந்தா சிஸ்டர்தான் தன் டப்பாவிலிருந்து இரண்டு இட்லி எடுத்து வைத்துவிட்டுப் போவார்.

ஆறாம் நாள் மதியம். நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வரும்போது அறை அமைதியாக இருந்தது. அம்மா கட்டில் ஓரத்தில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கருவியில் ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. நாடித்துடிப்பு எழுபத்தாறு. நல்ல எண்கள். நைனா அசையாமல் படுத்திருந்தார். டெலிரியம் இறங்கிவிட்டது என்று நினைத்து, அவர் விழித்துவிடக்கூடாதே என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த எண்களையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதை மட்டும் குறிக்கவில்லை.

ரத்த அழுத்தம் பார்க்க வந்த சாந்தா சிஸ்டர் நைனாவின் முகத்தைப் பார்த்தார். கருவியைப் பார்த்தார். போர்வையை விலக்கினார்.

கிளிப் அம்மாவின் விரலில் இருந்தது.

நைனாவின் உதடுகள் நாவல்பழம் தின்றதுபோல் இருந்தன. கிளிப்பை அவர் விரலில் மாட்டியதும் கருவி அலறத் தொடங்கியது. எழுபத்தொன்று. அந்தச் சத்தத்தில் அம்மா விழித்துத் தன் விரலைப் பார்த்தார். நைனாவும் கண்ணைத் திறந்து, சத்தம் வந்த பக்கம் கையை நீட்டினார். அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நுரையீரலில் நிமோனியா. விழுங்கும்போது உணவோ எச்சிலோ தப்பி மூச்சுக்குழாயில் இறங்கினால் வருவது. காலையிலிருந்தே ஏறியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். நைனாவின் கை குளிர்ந்துபோயிருந்ததால் கிளிப் அடிக்கடி அலறியிருக்கிறது. அம்மாவின் கை பக்கத்தில் இருந்தது. சூடாக இருந்தது. அதில் மாட்டியதும் சத்தம் நின்றது.

"கொழப்பத்துல மாட்டிட்டார்," என்றார் டாக்டர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன், ரஹீம் மாமா வரும்வரை. ரஹீம் மாமா பழவேற்காட்டுக்காரர். உருட்டாலையில் பன்னிரண்டு வருடம் நைனாவுக்கு உதவியாளராக இருந்தவர். அன்று சாயங்காலம் ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நின்றபடி நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"கொழப்பமா? யாருக்கு? உங்க நைனா ஜம்பர் போட்டாருன்னா எம்.டி. வந்தாலும் கண்டுபுடிக்க மாட்டான்மா."

ஜம்பர் என்றால் ஒரு துண்டுக் கம்பி. பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று கோளாறாகி, தேவையில்லாமல் லைனை நிறுத்திக்கொண்டே இருந்தால், அந்த சுவிட்சின் இரண்டு டெர்மினல்களையும் ஒரு கம்பியால் இணைத்துவிடுவார்கள். சுவிட்ச் எப்போதும் நல்ல நிலையில் இருப்பதாக இயந்திரம் நம்பிக்கொண்டு ஓடும். செய்யக்கூடாத காரியம். எங்கள் கம்பெனியிலும் செய்வார்கள்.

"லைன் நின்னா சூப்பர்வைசர் திட்டுவான். அதுக்கோசரம் போடறதுதான்," என்றார் ரஹீம் மாமா. "ஆனா அண்ணன் ஒரு விஷயத்துல கரெக்டு. ஜம்பர் போட்டா ரிலீவர் கையில சொல்லாம கேட்டைத் தாண்ட மாட்டாரு. எந்த டெர்மினல்னு நம்பரோட சொல்லுவாரு. அடுத்த ஷிப்டுக்காரன் தெரியாம கையை வச்சான்னா பூட்டான்ல?"

பெஞ்சில் இருந்த அம்மா தலையைத் தூக்கினார்.

"நம்பரா? இன்னா நம்பரு?"

"ஒன்னு, ரெண்டு, பதினாலு... எதுல போட்டாரோ அது, அண்ணி."

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "சொன்னாருடி. தெனம் சொன்னாரு. 'ஒன்னு ரெண்டுல ஜம்பர் கீது, பாத்துக்கோ'ன்னு. நான் 'சரி சரி, நீ சாப்டு'ன்னேன்."

ஏழாம் நாள் காலை முதல் ரயிலில் வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன். 1-க்கும் 2-க்கும் நடுவில் ஒரு சிவப்புக் கம்பி. பழைய ரேடியோவிலிருந்து எடுத்தது. இரண்டு முனைகளிலும் உறை சரியான அளவுக்குச் சீவி, இழைகளை முறுக்கி, ஸ்க்ரூவை இறுக்கியிருந்தார். சுவிட்சின் கம்பியைப் பிடுங்கியிருந்தால் அலாரம் அடித்திருக்கும். அவருக்கு அது தெரிந்திருந்தது. என் பெயர் அவருக்கு ஞாபகமில்லாமல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் ஒட்டிய வரைபடத்தை அவர் படித்திருந்தார்.

காலண்டரைப் பார்த்தேன். அம்மாவின் கையெழுத்தில், விபத்துக்கு முந்தைய ஒன்பது நாட்களிலும் ஒரே எண்: 41, 41, 41. அதற்கு முன் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ கூடிக்கொண்டே வந்திருந்தது. அந்த வாரம் நான் வேலையில் இருந்தபோது அம்மா போனில், "நைனா நல்லா கீறாரு, வெளிய போறேன்னே சொல்றதில்ல" என்றதும், நான் மகிழ்ச்சியாகி டாக்டருக்குச் சொல்ல அதைக் குறித்துவைத்ததும் நினைவுக்கு வந்தன. மீட்டர் நகராமல் நின்றால் முதலில் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

பிறகு கேட்டபோது அம்மா சொன்னார்: "ஒரு தபா சுவிட்ச் போட மறந்துட்டுக் கதவைத் தெறந்தேன். கத்தல. பரவால்ல, என்னை அடையாளம் கண்டுக்கிச்சுன்னு நெனச்சுக்கினேன்." இருவரும் சிரித்தோம். மருத்துவமனையில் சேர்ந்து சிரித்தது அது ஒரு தடவைதான்.

நைனா தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நான்கு நாளில் வெளியே வந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டர் எங்களை உட்காரவைத்து மூன்று விஷயம் சொன்னார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார். இன்னொரு நிமோனியாவைத் தாங்க மாட்டார். பகலெல்லாம் அம்மா மட்டும் இருக்கும் வீட்டுக்கு இவரை அனுப்புவதைவிட, இந்த நோய்க்காரர்களுக்கென்று நடத்தும் காப்பகத்தில் விடுவது நல்லது.

அம்மா எழுந்து நின்றார். "ஊட்டுக்கு இட்டுக்கினு போறோம் டாக்டர்."

"நான் சொன்னது புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது. அங்க அவரு நம்பரு சொன்னா யாரு கேப்பாங்க?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் அம்மா பக்கம் என்றும் சொல்லவில்லை, டாக்டர் பக்கம் என்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் பார்ப்போம் என்றேன்.

கருவியை மாற்றினேன். கேட்டவர்களுக்காக இதோ: காந்த சுவிட்ச் இப்போது கதவின் மேல்சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது. டெர்மினல் கிடையாது, எண் கிடையாது, இணைப்புகள் மேல் பிசின் ஊற்றி மூடியிருக்கிறது. ஹூட்டர் கிடையாது. கதவு திறந்தால் அம்மாவின் இடுப்பில் செருகிய சின்னப் பெட்டி அதிரும். பழைய செல்போனின் அதிர்வு மோட்டாரும், கம்பியில்லா அழைப்பு மணியின் உள்பாகமும்தான். நைனாவுக்கு எந்தச் சத்தமும் கேட்காது. வரைபடத்தை வீட்டில் எங்கும் ஒட்டாதீர்கள். அதிரும் பெட்டியை நம்பிக் கண்ணை எடுக்காதீர்கள். எண்ணும் மீட்டரை இதிலும் வைத்திருக்கிறேன்; அதில் எண் நகராமல் நின்றால் உடனே சோதியுங்கள்.

பழைய பெட்டியைக் கழற்றப்போனேன். ரஹீம் மாமா தடுத்தார். "எடுக்காத, பேஜாரா பூடும். அந்தக் கை சும்மா இருக்காது. கரண்ட் மீட்டரு, கேஸு, ஏதனா நோண்டும்." அதனால் வெறும் டெர்மினல்களோடு அது வாசலருகே அப்படியே இருக்கிறது. கரண்ட் கிடையாது, எதனோடும் இணைப்பு கிடையாது. அதை அவருக்கு மாட்டிவைத்த ஏமாற்று என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் வாக்கரைப் பிடித்துத் தினமும் அதனிடம் போனார். 1-க்கும் 2-க்கும் கம்பி போட்டார். போட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒரு நோட்டில் எண்ணையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தைப் பார்த்த பிறகு நைனா கதவின் பக்கம் திரும்பவில்லை, போய்ப் படுத்துக்கொண்டார். நான் செய்த எந்தக் கருவியையும்விட அந்த நோட்டுதான் அவரை வீட்டுக்குள் வைத்தது. நான் இரவில் கம்பியைக் கழற்றிவைப்பேன், மறுநாள் மறுபடி போடுவார்.

மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரண்டு தடவையாகக் குறைந்தது. நான்காம் மாதம் கம்பியை 1-லும் 4-லும் போட்டுவிட்டு, ஒன்று இரண்டு என்று சொன்னார். அம்மா அவர் சொன்னபடியே எழுதினார். பிறகு எண் சொல்வது நின்றது. சென்ற வாரம் கம்பியின் இரண்டு முனைகளையும் ஒரே டெர்மினலில் செருகி, ஸ்க்ரூவை இறுக்கியிருந்தார். நன்றாகத்தான் இறுக்கியிருந்தார். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைக் காட்டினார் அம்மா. நைனா அதை வாங்கி முகர்ந்துபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இன்றைய நிலை: வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. நைனா வீட்டில்தான் இருக்கிறார். வாக்கர் பிடித்துப் பன்னிரண்டு அடி நடக்கிறார். கஞ்சியைக் கெட்டியாக்கிக் கொடுத்தால்தான் விழுங்குகிறார். பதினொரு நாளாகப் பழைய பெட்டியைத் தொடவில்லை. புதிய சுவிட்ச் சரியாக வேலை செய்கிறது. நான் தினமும் கதவைத் திறந்து சோதிக்கிறேன். அம்மாவையும் என்னையும் தவிர வேறு யாரும் அந்தக் கதவைத் திறக்க முயலவில்லை. டாக்டரிடம் கேட்ட ஆறு மாதத்தில் ஒரு மாதம் மீதியிருக்கிறது.